ஒரு கையெழுத்துக்கு எத்தனை சாட்சி: நாடு விட்டு நாடு தத்தெடுப்பின் காகித வேலை

நாடு விட்டு நாடு தத்தெடுக்க நினைப்பவர்கள் யாராவது எங்களோடு பேச வந்தால், கொஞ்ச நேரத்திலேயே பேச்சு காகிதத்துக்கு வந்துவிடும். “ஹோம் ஸ்டடி எல்லாம் முடிந்துவிட்டது. இந்த நோட்டரி, அப்போஸ்டில் என்கிறார்களே, அதுதான் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை” என்பார்கள். நாங்கள் தொடங்கியபோது எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. இப்போது எங்கள் மகள் பள்ளிக்குப் போகிறாள். அவளுக்காகச் சேர்த்த காகிதங்கள் தடித்த கோப்புகளாக அலமாரியில் இருக்கின்றன. அவற்றைச் சேர்க்கும்போது தெரிந்துகொண்டவற்றில் பிறருக்குப் பயன்படக்கூடியதை எழுதுகிறேன்.

எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்கு என்பதைச் சொல்லப்போவதில்லை. அவள் எங்கே பிறந்தாள், எப்படி எங்களிடம் வந்தாள் என்பது அவளுடைய கதை. அதை யாரிடம் சொல்லலாம் என்று வளர்ந்தபின் அவளே முடிவு செய்யட்டும். அதோடு, விதிகள் நாட்டுக்கு நாடு மாறினாலும் இந்தக் காகித வேலையின் எலும்புக்கூடு எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

குழந்தையின் நாட்டுக்கு நாம் அனுப்பும் கோப்பை டோசியர் என்பார்கள். நம் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், முன்பு விவாகரத்து ஆகியிருந்தால் அந்தத் தீர்ப்பு, காவல்துறைச் சான்று, மருத்துவ அறிக்கை, வேலை செய்யும் இடத்திலிருந்து கடிதம், வருமானத்துக்கும் சேமிப்புக்கும் ஆதாரம், வீட்டுப் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம், நம்மை நெடுநாள் அறிந்தவர்களின் பரிந்துரைக் கடிதங்கள், புகைப்படங்கள். இவற்றுக்கெல்லாம் மேலே சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து, பலமுறை பேசி எழுதிய ஹோம் ஸ்டடி அறிக்கை. அந்த நாட்டில் நமக்காகச் செயல்படுபவருக்குப் பவர் ஆஃப் அட்டர்னி. தத்தெடுத்த பிறகு குழந்தை எப்படி இருக்கிறாள் என்று காலாகாலத்தில் அறிக்கை அனுப்புவோம் என்ற உறுதிமொழி. இருவருக்கும் ஏதாவது ஆகிவிட்டால் குழந்தையை யார் வளர்ப்பார் என்ற கடிதத்தையும் பல நாடுகள் கேட்கின்றன. இவை ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் கையெழுத்திட வேண்டும், அந்தக் கையெழுத்து அவருடையதுதான் என்று இன்னொருவர் சொல்ல வேண்டும்.

நோட்டரியின் வேலை என்ன என்று சரியாகப் புரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நம் கணக்கில் இவ்வளவு பணம் இருக்கிறது, நமக்கு இன்ன நோய் இல்லை என்பதற்கெல்லாம் அவர் சாட்சி சொல்வதில்லை. எதிரில் நிற்பவர் அடையாள அட்டையில் இருப்பவர்தானா, யாருடைய கட்டாயமும் இல்லாமல் கையெழுத்திடுகிறாரா என்பதற்குத்தான் அவர் சாட்சி. பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்பெயின் போன்ற நாடுகளில் நோட்டரி சட்டம் படித்தவர். பத்திரத்தையே அவர் தயாரிப்பார், அதன் உள்ளடக்கத்துக்கும் பொறுப்பு ஏற்பார். அமெரிக்காவில் பெரும்பாலான நோட்டரிகள் வழக்கறிஞர்கள் இல்லை. அடையாளத்தைச் சரிபார்ப்பதோடு அவர்கள் பொறுப்பு முடிகிறது. எந்த மாதிரி நோட்டரியிடம் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போனால், அவரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதும் தெரியும்.

அவர் தரும் சான்றிலும் இரண்டு வகை உண்டு. “இது என் கையெழுத்துதான், நானாக விரும்பித்தான் போட்டேன்” என்று ஒருவர் ஒப்புக்கொள்வது ஒன்று. “இதில் எழுதியிருப்பது உண்மை” என்று சத்தியம் செய்து நோட்டரியின் கண்ணெதிரே கையெழுத்திடுவது மற்றொன்று. அஃபிடவிட் இரண்டாவது வகை. அதில் பொய் இருந்தால் சத்தியம் செய்தவர்தான் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். குழந்தையின் நாடு எந்தக் காகிதத்துக்கு எதைக் கேட்கிறது என்று, தத்தெடுப்பை நடத்தித் தரும் ஏஜென்சியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நோட்டரியே பார்த்துப் போடட்டும் என்று விடாதீர்கள். எந்த வகை வேண்டும் என்று நமக்காக முடிவு செய்யும் உரிமை பல இடங்களில் அவருக்குக் கிடையாது.

சரி, இங்கே ஒரு நோட்டரி முத்திரை குத்துகிறார். கடல் கடந்து இருக்கும் அதிகாரிக்கு அந்த நோட்டரி யார் என்று எப்படித் தெரியும்? அதற்காக வந்ததுதான் அப்போஸ்டில். 1961 அக்டோபர் 5 அன்று ஹேக் நகரில் முடிவான உடன்படிக்கையில் பிறந்தது. அதற்கு முன், ஒரு காகிதம் எல்லை தாண்ட வேண்டுமென்றால் நோட்டரிக்கு மேல் ஓர் அதிகாரி, அவருக்கு மேல் வெளியுறவுத் துறை, அதற்கு மேல் போக வேண்டிய நாட்டின் தூதரகம் என்று ஏணிப்படியாக ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் இருப்பவர் கீழ்ப்படியில் இருப்பவரின் கையெழுத்துக்குச் சாட்சி. அந்த ஏணி முழுவதையும் ஒரே சான்றிதழாகச் சுருக்கியது இந்த உடன்படிக்கை. இன்று 120க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன.

எங்கள் முதல் அப்போஸ்டில் தபாலில் வந்தபோது அதை மேசையில் விரித்து வைத்து நானும் கணவரும் வரிவரியாகப் படித்தோம். சதுரமான கட்டம், ஒரு பக்கம் குறைந்தது 9 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. தலைப்பு எந்த நாட்டில் கொடுத்தாலும் பிரெஞ்சில்தான் இருக்கும். கீழே எண்ணிட்ட பத்து வரிகள். எந்த நாடு, கையெழுத்திட்டவர் யார், என்ன பொறுப்பில் கையெழுத்திட்டார், யாருடைய முத்திரை இருக்கிறது. அப்புறம் இந்தச் சான்று எந்த ஊரில், எந்தத் தேதியில், யாரால், எந்த எண்ணில் கொடுக்கப்பட்டது. கடைசியில் முத்திரையும் கையெழுத்தும். அவ்வளவுதான். இரண்டாவது வரியில் என் பெயரோ கணவர் பெயரோ இல்லை, நோட்டரியின் பெயர் இருந்தது. காகிதத்தில் நாங்கள் என்ன சொல்லியிருக்கிறோம் என்பதைப் பற்றி அந்தக் கட்டத்தில் ஒரு சொல்கூடக் கிடையாது. எட்டாவது வரியில் இருக்கும் எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கொடுத்த அலுவலகம் அதைப் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும் என்று உடன்படிக்கையே சொல்கிறது. பல நாடுகளில் அந்த எண்ணையும் தேதியையும் இணையத்தில் இட்டு, சான்று உண்மையானதா என்று யாரும் பார்க்கலாம்.

அப்போஸ்டிலைக் கொடுப்பது காகிதம் பிறந்த நாடு, அது போகிற நாடு கொடுப்பதில்லை. கூட்டாட்சி நாடுகளில் இன்னும் ஒரு படி நுணுக்கம் உண்டு. அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில் பிறந்து, இன்னொரு மாநிலத்தில் திருமணம் செய்து, மூன்றாவது மாநிலத்தில் குடியிருப்பவர் மூன்று மாநில அலுவலகங்களுக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். எஃப்பிஐ தரும் குற்றப் பின்னணிச் சான்று மத்திய அரசின் காகிதம் என்பதால் அது வெளியுறவுத் துறைக்குப் போகும். பிறப்புச் சான்றிதழ் போன்றவை ஏற்கெனவே அரசு ஆவணங்கள். பதிவாளர் கையெழுத்திட்ட புதிய பிரதியை வாங்கி நேராக அப்போஸ்டிலுக்கு அனுப்பலாம். அவற்றின் நகலுக்கு நோட்டரியிடம் போவது பல இடங்களில் செல்லாது. வேலைக் கடிதம், பரிந்துரைக் கடிதம் போன்ற தனியார் காகிதங்கள்தான் முதலில் நோட்டரியிடம் போய், பிறகு அந்த நோட்டரியின் கையெழுத்துக்கு அப்போஸ்டில் பெற வேண்டும். எங்கள் பட்டியலை முதல் நாளே இந்த இரண்டு குவியலாகப் பிரித்துக்கொண்டோம். அதற்குப் பிறகு வேலை எவ்வளவோ தெளிவாயிற்று.

குழந்தையின் நாடு அந்த உடன்படிக்கையில் இல்லையென்றால் பழைய ஏணிதான். உறுப்பு நாடாகவே இருந்தாலும், புதிதாகச் சேர்ந்த நாட்டை ஏற்கவில்லை என்று இன்னொரு உறுப்பு நாடு ஆட்சேபித்திருந்தால் அந்த இரண்டு நாடுகளுக்கு இடையே மட்டும் அப்போஸ்டில் செல்லாது. ஆகவே இரண்டு பெயர்களும் பட்டியலில் இருக்கின்றனவா என்பதோடு நிறுத்தாமல், இந்த உடன்படிக்கையைக் கவனித்துவரும் ஹேக் மாநாடு என்ற அமைப்பின் இணையதளத்தில் இருக்கும் ஆட்சேபக் குறிப்புகளையும் படியுங்கள். நிலவரம் மாறிக்கொண்டும் இருக்கும். சீனாவில் 2023 நவம்பர் 7 முதலும், கனடாவில் 2024 ஜனவரி 11 முதலும்தான் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட வழிகாட்டிகள் இன்னமும் தூதரகத்துக்குப் போகச் சொல்லிக்கொண்டிருக்கும்.

இனி சின்னச் சின்ன விஷயங்கள். காகித வேலையில் சின்ன விஷயம் என்று ஒன்று கிடையாது என்பது என் எண்ணம். நோட்டரியின் நியமனத்துக்குக் காலாவதித் தேதி உள்ள இடமாக இருந்தால், கோப்பு பயணப்படும் காலம் முழுதும் அந்தத் தேதி தாண்டாமல் இருக்கும் நோட்டரியைத் தேடிப் பிடியுங்கள். கூடுமானவரை எல்லாக் காகிதத்துக்கும் ஒரே நோட்டரியிடம் போங்கள். முத்திரை எழுத்தின் மேல் ஏறிவிட்டால், பாதி மங்கிவிட்டால், தயங்காமல் அந்தப் பக்கத்தை மீண்டும் அச்செடுத்துக் கொடுங்கள். அப்போஸ்டிலோடு சேர்த்து ஸ்டேப்பிள் அடித்த காகிதத்தை எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். ஸ்கேனரில் தட்டையாக வைக்க வசதியாக இருக்குமே என்று ஊசியைக் கழற்றினால், இடையில் பக்கம் மாற்றியிருக்கலாம் என்று சந்தேகப்பட அதிகாரிக்கு நியாயமான காரணம் கிடைத்துவிடும். பக்கங்களை மடக்கி மடக்கி நகலெடுங்கள், கோணலாக வந்தாலும் பரவாயில்லை.

பெயருக்குத் தனியாக ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கலாம். ஒரு காகிதத்தில் முதலெழுத்து, இன்னொன்றில் விரிவான பெயர். ஒன்றில் திருமணத்துக்கு முந்தைய பெயர். ஒன்றில் எழுத்துக்கூட்டு வேறு. நமக்கு இவையெல்லாம் நாம்தான். நம்மைப் பார்த்தே இராத ஓர் எழுத்தருக்கு இவை நான்கு வெவ்வேறு ஆட்கள். கடவுச்சீட்டில் உள்ள பெயரை அப்படியே அளவுகோலாக வைத்துக்கொண்டு, கடிதம் எழுதித் தருபவர்களுக்கெல்லாம் அந்த எழுத்துக்கூட்டை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். மாற்ற முடியாத பழைய சான்றிதழ்களுக்கு, இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே நபரைக் குறிப்பவை என்று ஓர் அஃபிடவிட் போட்டுக் கோப்பில் சேருங்கள்.

எங்களுக்கு அதிகம் அலைச்சல் வைத்தது மருத்துவ அறிக்கை. மருத்துவரும் நோட்டரியும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் இருக்க வேண்டும், இருவருமே நேரமில்லாதவர்கள். கடைசியில் மருத்துவமனைக்கே வந்து செய்து தரும் நோட்டரி ஒருவர் கிடைத்தார். நாங்கள் காத்திருந்ததைப் பார்த்து இரங்கி, மருத்துவர் படிவத்தில் முன்பே கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். நோட்டரி அதைத் தொடவில்லை. “இது சத்தியம் செய்து போட வேண்டிய படிவம், டாக்டர். நீங்கள் போடுவதை நான் பார்க்கவில்லையே” என்றார். மருத்துவர் ஒரு கணம் எங்களைப் பார்த்தார். பிறகு புதிதாக ஒரு படிவம் அச்செடுத்து, அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு, கையை உயர்த்தி உறுதிமொழி சொன்னார். வெளியே நோயாளிகள் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அந்தச் சில நிமிடங்களை விட்டுக்கொடுத்த இருவருக்கும் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். ஒருவேளை நோட்டரி கண்டும் காணாததுமாக முத்திரை குத்தியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும் அவர் குத்தவில்லை. இந்த ஏணி முழுவதும் நிற்பது அப்படிப்பட்டவர்களை நம்பித்தான்.

எனக்கு நெஞ்சில் நின்றது பாதுகாவலர் கடிதம். எங்கள் இருவருக்கும் ஏதாவது ஆகிவிட்டால் குழந்தையை வளர்ப்பதாக என் தங்கை எழுதித் தர வேண்டும். ஏஜென்சி கொடுத்த மாதிரிப் படிவத்தில் மூன்றே வாக்கியங்கள்தான். அவளிடம் தொலைபேசியில் சொன்னபோது உடனே சரி என்றாள். நோட்டரி அலுவலகத்தில் உட்கார்ந்த பிறகு, “அக்கா, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒருதடவை வாய்விட்டுப் படிச்சுக் காட்டு” என்றாள். படித்தேன். “அவ எங்கிட்ட வந்தா அவளோட பிறந்த நாட்டைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? அதையும் எனக்குச் சொல்லித் தரணும் நீ” என்றாள். நோட்டரி அவளுடைய கடவுச்சீட்டை வாங்கி, புகைப்படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இதில் இருப்பதைப் புரிந்துகொண்டீர்களா? யாராவது வற்புறுத்தினார்களா?” என்று கேட்டார். வழக்கமாகக் கேட்கும் கேள்விதான். தங்கை கொஞ்சம் யோசித்து, “புரிந்தது. யாரும் வற்புறுத்தவில்லை” என்றாள். இன்னும் பெயர்கூடத் தெரியாத ஒரு குழந்தையை ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒருத்தி நினைவோடு சொன்னதை நான் நேரில் பார்த்தேன். வெறும் ஃபார்மாலிட்டி என்று அதற்குப் பிறகு எந்தக் காகிதத்தையும் என்னால் நினைக்க முடிந்ததில்லை.

அடுத்தது கடிகாரம். அப்போஸ்டிலுக்குக் காலாவதி என்று உடன்படிக்கை எதுவும் சொல்லவில்லை. அதற்கு அடியில் இருக்கும் காகிதத்துக்குத்தான் வயது உண்டு. காவல்துறைச் சான்றையும் மருத்துவ அறிக்கையையும் ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ மேல் பல நாடுகள் ஏற்பதில்லை. குழந்தையைப் பெறும் நாடு, அதாவது நாம் வாழும் நாடு, தரும் ஒப்புதலுக்கும் ஆயுள் உண்டு. அமெரிக்காவில் ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கையின்படி (அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்) தத்தெடுக்க விண்ணப்பிக்கும் ஐ-800ஏ படிவத்தின் ஒப்புதல் 15 மாதம் செல்லும், கைரேகைக்கும் அதே கணக்கு. இதையெல்லாம் ஒரே தாளில் காகிதத்தின் பெயர், வாங்கிய தேதி, காலாவதித் தேதி என்று மூன்று கட்டமாக எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்தோம். சீக்கிரம் வாடிப்போகும் காகிதத்தைக் கடைசியில் வாங்க வேண்டும், ஆயுள் நீண்டதை முதலில் வாங்கலாம். வீடு மாறினால், வேலை மாறினால், வீட்டில் இன்னொருவர் வந்து தங்கினால் ஹோம் ஸ்டடியைத் திருத்த வேண்டியிருக்கும். காத்திருக்கும் காலத்தில் சிலவற்றைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கவும் நேரும். அதை ஒரு தண்டனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வருடம் முன்பு நல்ல உடல்நலத்தோடு இருந்தவர் இப்போதும் அப்படியா என்று குழந்தையின் சார்பில் யாராவது கேட்கத்தான் வேண்டும்.

மொழிபெயர்ப்பைப் பற்றி ஒன்றே ஒன்று. முத்திரை, அப்போஸ்டில் எல்லாம் வந்து சேர்ந்த பிறகு மொழிபெயர்ப்பதுதான் பொதுவாக நல்லது, ஏனென்றால் அவற்றில் இருப்பதையும் மொழிபெயர்க்கச் சொல்வார்கள். மொழிபெயர்ப்பாளருக்கு அந்த நாட்டின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் நம்மைப் பற்றிய காகிதங்கள். குழந்தையைப் பற்றிய காகிதங்கள் வேறு பக்கம் தயாராகின்றன; அவற்றைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 1993 மே 29 அன்று ஹேக் நகரிலேயே நாடு கடந்த தத்தெடுப்புக்கென்று தனி உடன்படிக்கை ஒன்று முடிவானது. இதை அப்போஸ்டில் உடன்படிக்கையோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரு நாடு ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாமலும் இருக்கலாம். தத்தெடுப்பு உடன்படிக்கையின் 5ஆம் பிரிவு நம்மைப் பற்றியது: நாங்கள் தகுதியானவர்கள் என்று பெறும் நாடு சொல்ல வேண்டும். 4ஆம் பிரிவு குழந்தையைப் பற்றியது. குழந்தை உண்மையிலேயே தத்துக் கொடுக்கப்படக் கூடியவள்தானா, சொந்த நாட்டிலேயே ஒரு குடும்பம் கிடைக்குமா என்று முறையாகப் பார்த்தார்களா என்று அது கேட்கிறது. தாயின் சம்மதம் தேவைப்படும் இடத்தில், அது குழந்தை பிறந்த பிறகுதான் பெறப்பட்டிருக்க வேண்டும். விளைவுகளை எடுத்துச் சொல்லி, அவளாக விரும்பி, எழுத்தில் தந்ததாக இருக்க வேண்டும். அதற்காக எந்தப் பணமும் கை மாறியிருக்கக் கூடாது. என் தங்கையிடம் நோட்டரி கேட்ட அதே இரண்டு கேள்விகளை அந்த நாட்டில் ஒரு பெண்ணிடமும் யாரோ கேட்டிருக்க வேண்டும். புரிந்ததா? யாராவது வற்புறுத்தினார்களா?

பல காலம் கேட்கவில்லை. 2021 பிப்ரவரியில் நெதர்லாந்தில் ஒரு விசாரணைக் குழு அறிக்கை தந்தது. வங்கதேசம், பிரேசில், கொலம்பியா, இந்தோனேசியா, இலங்கை ஆகிய ஐந்து நாடுகளிலிருந்து 1967 முதல் 1998 வரை நடந்த தத்தெடுப்புகளை ஆராய்ந்து, போலி ஆவணங்களும் குழந்தை விற்பனையும் பரவலாக இருந்தன, அரசுக்குத் தெரிந்திருந்தும் தடுக்கவில்லை என்று சொன்னது. நெதர்லாந்து நாடு கடந்த தத்தெடுப்பை அப்போதே நிறுத்திவைத்தது. 2025 மார்ச்சில் தென்கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையமும், பெற்றோர் இருந்த குழந்தைகளை அனாதை என்று பதிந்ததையும் ஒரு குழந்தையின் அடையாளத்தில் இன்னொரு குழந்தையை அனுப்பியதையும் வெளிக்கொண்டுவந்தது. அந்தக் காகிதங்களிலும் முத்திரை இருந்தது. கையெழுத்து உண்மையான அதிகாரியுடையதாக இருந்தாலும், அதற்கு மேலே எழுதியிருந்தது பொய்யாக இருந்தது. நோட்டரியும் அப்போஸ்டிலும் எதற்குச் சாட்சி, எதற்கு இல்லை என்பதை இவ்வளவு வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான். முத்திரை இருக்கிறதே என்று அமைதி அடைவது நம் கோப்புக்குப் போதும், குழந்தையின் கோப்புக்குப் போதாது.

எங்களுக்கு வந்த குழந்தை அறிக்கை மெல்லியதாகத்தான் இருந்தது. எங்களைப் பற்றி அத்தனை பக்கங்கள், அவளைப் பற்றிச் சில தாள்கள். உடன்படிக்கையின் 16ஆம் பிரிவுப்படி அதில் அவள் யார், எந்தச் சூழலில் வந்தாள், குடும்ப வரலாறு, அவளுடைய மற்றும் குடும்பத்தின் மருத்துவ வரலாறு, அவளுக்கு என்ன தேவை என்பதெல்லாம் இருக்க வேண்டும். படித்துவிட்டு, கேள்விகளை எழுதி ஏஜென்சி வழியாக அனுப்பினோம். பிறந்த தேதி மருத்துவர் கணித்ததா, பதிவேட்டில் உள்ளதா? குழந்தைகள் இல்லத்துக்கு அவளைக் கொண்டுவந்தவர் யார்? சேர்த்த அன்று எழுதிய பதிவேட்டுப் பக்கத்தின் நகல் கிடைக்குமா? உறவினரைத் தேடி அறிவிப்பு கொடுத்தார்களா, எந்தத் தேதியில்? ஒரு அதிகாரி சலித்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டோம். இவ்வளவு கேட்டால் தாமதமாகும் என்று எங்களை எச்சரித்தவர்களும் உண்டு. தாமதமானால் ஆகட்டும் என்று இருந்தோம். பல கேள்விகளுக்குப் பதில் வந்தது, சிலவற்றுக்கு “பதிவு இல்லை” என்று எழுதி வந்தது. அந்தக் கடிதத்தையும் பத்திரமாக வைத்திருக்கிறோம். நாளைக்கு அவள் இதே கேள்வியைக் கேட்கும்போது, நாங்கள் எப்போது கேட்டோம், யார் என்ன பதில் சொன்னார்கள் என்று காட்டலாம்.

இல்லத்துக்குப் போனபோது அவளுடைய தடுப்பூசி அட்டை, எடை எழுதிவந்த தாள், பழைய புகைப்படங்கள் எல்லாவற்றுக்கும் நகல் கேட்டு வாங்கினோம். அங்கே அவளைப் பார்த்துக்கொண்ட ஆயாம்மா ஒருவர், எப்படித் தூங்குவாள், எதற்குப் பயப்படுவாள் என்று சொன்னதைக் கணவர் அங்கேயே குறிப்பெடுத்துக்கொண்டார். அதில் எந்த முத்திரையும் இல்லை. முதல் சில மாதங்களில் நாங்கள் அதிகம் எடுத்துப் பார்த்த காகிதம் அதுதான்.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 32ஆம் பிரிவுப்படி செலவுகளும், செய்த வேலைக்கு நியாயமான கட்டணமும் மட்டுமே வாங்கலாம். ஒவ்வொன்றுக்கும் ரசீது கேளுங்கள். ரசீது இல்லாத கட்டணத்தை யாராவது கேட்டால், அல்லது கொஞ்சம் கூடக் கொடுத்தால் வேகமாக முடித்துத் தருகிறேன் என்று சொன்னால், அங்கேயே நின்றுவிடுங்கள். அந்த வேகத்துக்கான விலையைக் கொடுப்பது எங்கோ இருக்கும் ஒரு தாயாக இருக்கலாம்.

தத்தெடுப்பு உத்தரவு வந்த பிறகு கிளம்பும் அவசரத்தில் விட்டுவிடக் கூடாத காகிதம், 23ஆம் பிரிவின் கீழ் வரும் இணக்கச் சான்றிதழ். உடன்படிக்கைப்படியே தத்தெடுப்பு நடந்தது என்று அது சொல்கிறது. அது இருந்தால் மற்ற உறுப்பு நாடுகள் அனைத்தும் தத்தெடுப்பைச் சட்டப்படி ஏற்க வேண்டும். தத்தெடுப்பைக் கவனிக்க உடன்படிக்கைப்படி ஒவ்வொரு நாடும் நியமித்திருக்கும் மத்திய அமைப்புகள் உட்பட, இரண்டு நாட்டு அமைப்புகளும் எப்போது, யார் மூலம் ஒப்புதல் தந்தன என்பது அதில் எழுதியிருக்க வேண்டும். கையில் வாங்கியதும் அந்த இடத்தைப் பாருங்கள், பெயர்களை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். தவறு இருந்தால் அந்த ஊரில் இருக்கும்போதே திருத்துவது எளிது. உத்தரவுக்கும் பழைய, புதிய பிறப்புச் சான்றிதழ்களுக்கும் சான்றளித்த பிரதிகள் நிறைய வாங்குங்கள், அங்கேயே அவற்றுக்கு அப்போஸ்டிலும் பெற்றுவிடுங்கள். இப்போது இவை அந்த நாட்டில் பிறந்த காகிதங்கள். ஊர் திரும்பிய பிறகு இங்கிருந்து யாரும் அப்போஸ்டில் தர முடியாது. குடியுரிமையும் தானாக வந்துவிடும் என்று எண்ணாதீர்கள். அதற்கான சான்று குழந்தையின் பெயரில் கையில் வரும்வரை விடாமல் கேளுங்கள். அமெரிக்காவுக்குச் சிறு வயதில் தத்து வந்து, குடியுரிமைக் காகிதம் யாரும் முடித்துத் தராததால் வளர்ந்தபின் நாடு கடத்தப்பட்டவர்கள் உண்டு.

உறுதிமொழி கொடுத்தபடி அறிக்கைகளை இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். அப்புறம் இன்னொன்றும் செய்தோம். குழந்தையின் பூர்வீகத் தகவல்களை, குறிப்பாகப் பெற்றோர் யார் என்பதையும் மருத்துவ வரலாற்றையும், பாதுகாக்க வேண்டும் என்று 30ஆம் பிரிவு சொல்கிறது. எத்தனை காலம், எந்த அலுவலகத்தில், அவள் எப்படிக் கேட்டுப் பெறலாம் என்பது அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. அதனால் இரண்டு நாட்டு மத்திய அமைப்புகளுக்கும் கடிதம் எழுதிக் கேட்டோம். பதில்கள் வந்தன, கோப்பு எண்ணோடும், எந்தப் பிரிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்ற குறிப்போடும். அவளுடைய கோப்பைத் திறந்தால் முதல் தாள்களாக இப்போது அவைதான் இருக்கின்றன.